ஐந்தில் ஒரு போன்

ஒரு தேசத்தின் மனசாட்சி எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், வருமான வரிச் சட்டத்தில் என்பார் தனசேகர். கோர்ட்டில் இல்லை, கோயிலில் இல்லை, அந்தத் தடித்த புத்தகத்துக்குள் பிரிவு பிரிவாக, உட்பிரிவு உட்பிரிவாக அது உட்கார்ந்திருக்கிறது என்பார். சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுக்கும். அவர் வாங்கிய சம்பளத்துக்கு வரி கிடையாது.

தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் சாலையில் இருந்த எத்திராஜ் ஹாலோ பிளாக்ஸ் பிரைவேட் லிமிடெட்டுக்கு தனசேகர்தான் நிர்வாக மேலாளர். சிமெண்டையும் குவாரித் தூளையும் கலந்து, நடுவில் ஓட்டை விட்டு, அச்சில் வார்த்து விற்கும் கம்பெனி. எத்திராஜுக்கு அந்தப் பக்கம் பரம்பரையாக நெல் வயல் இருந்தது. வயலை மனை போட்டு விற்றார். மனை வாங்கியவர்கள் வீடு கட்டக் கல் தேடினார்கள். கல்லையும் அவரே விற்றார். சாதாரணக் கம்பெனியாக இருந்ததை பிரைவேட் லிமிடெட் ஆக்கியதற்கு வியாபாரக் காரணம் எதுவும் இல்லை. குன்றத்தூரில் செங்கல் சூளை வைத்திருந்த பங்காளி ஒருவர் ஆக்கினார், இவரும் ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து எத்திராஜை முதலாளி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். எம்.டி. என்றால்தான் பார்ப்பார்.

எம்.டி. ஆன வேகத்தில் கம்பெனி செலவில் ஐந்து செல்போன் வாங்கினார். ஒன்று அவருக்கு. ஒன்று தனசேகருக்கு. ஒன்று கணக்கு பார்க்கும் சத்யப்ரியாவுக்கு. ஒன்று லாரி சூப்பர்வைசர் அரிகிருஷ்ணனுக்கு. ஐந்தாவது அவருடைய மகன் ஹரிபிரசாத்துக்கு. பையன் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். கம்பெனி ரெக்கார்டில் மார்க்கெட்டிங் டைரக்டர். அவன் போனில் மார்க்கெட்டிங் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.

தனசேகருக்கோ அந்த போன் கையில் வந்த நாளிலிருந்து நடையே மாறிவிட்டது. சட்டைப் பையில் வைத்தால் வெளியே தெரியவில்லை என்று பெல்ட்டில் ஒரு உறை மாட்டினார். குடியிருந்த கிருஷ்ணவேணி நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று வந்தபோது, யாரைச் செயலாளர் ஆக்கலாம் என்று யோசிக்க வேண்டியே வரவில்லை. போன் பில்லை வேறு யாரோ கட்டும் மனிதர் அங்கே அவர் ஒருவர்தான். தெருமுனையில் மஞ்சள் போர்டு வைத்து, சிவப்பு பெயிண்டில் தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே பெயரைவிடப் பெரிதாக போன் நம்பரை எழுதவைத்தார்.

நகர்வாசிகளின் காசு வீணாகக் கூடாது என்று ஒரு ஏற்பாடும் செய்திருந்தார். யாரும் பேச வேண்டாம், மிஸ்டு கால் கொடுத்தால் போதும். ஒரு ரிங் விட்டு கட் பண்ணினால் தண்ணி லாரி வந்திருக்கிறது. இரண்டு ரிங் என்றால் கோவளத்திலிருந்து கங்கையம்மாள் மீன் கொண்டுவந்து போர்டுக்கு அடியில் கடை விரித்தாயிற்று. மூன்று ரிங் என்றால் யாரோ வீட்டுக்குள் பாம்பு. ஏரியைத் தொட்டுக்கொண்டிருந்த நகர் என்பதால் மூன்று ரிங்குக்கும் பஞ்சமில்லை. எந்த ரிங் வந்தாலும் தனசேகர் ஆபீஸில் எழுந்து ஓரமாகப் போய், யார் யாருக்கோ பேசி ஏற்பாடு பண்ணிவிட்டு வருவார். “கஸ்டமர்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவார்.

இப்படி நாடும் நகரும் நன்றாக இருந்தபோது, 2006 மே மாதத்தில் ஒரு நாள் ஆடிட்டர் சவுரிமுத்து வந்து சேர்ந்தார்.

“ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ்னு போன வருஷம் புதுசா போட்டாங்க இல்லியா சார், அதுக்குக் கணக்கு முடிக்கணும்” என்றார் அவர். “ஸ்டாஃபுக்குக் கம்பெனி செலவுல செஞ்சு குடுக்கிற சௌகரியத்துக்குக் கம்பெனி கட்டற வரி. போனையே எடுத்துக்குங்க. மொத்த போன் செலவுல அஞ்சுல ஒரு பங்கு ஸ்டாஃபோட சொந்த சௌகரியம்னு அரசாங்கம் வெச்சுக்கும். அந்த ஒரு பங்கு மேல வரி.”

“சொந்தமா ஒருத்தனும் பேசலைன்னா?” என்றார் எத்திராஜ்.

“பேசினாலும் அதே கணக்குதான், பேசாட்டியும் அதே கணக்குதான். யாரையும் குத்தம் சொல்றதில்ல சார். சும்மா ஒரு அனுமானம்.”

எத்திராஜ் அனுமானத்தைக் காதில் வாங்கவில்லை. இடது கையை விரித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சுல ஒண்ணு” என்றார். “நம்மகிட்ட மொத்தம் எத்தினி போன் கீது? அஞ்சு. அப்ப அதுல ஒண்ணு சொந்தப் போன். அட, டெல்லில உக்காந்துகினு எப்டிய்யா இவ்ளோ கரீட்டா கண்டுபுடிச்சான்?”

“சார், அது அப்படி இல்ல. பொதுவா எல்லா கம்பெனிக்கும்…”

“எல்லா கம்பெனிலயும் ஒருத்தன் இருப்பான்யா. நம்ம கம்பெனில யாருன்றதுதான் கேள்வி.”

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அந்த ஒரு போன் எது என்று மின்விசிறிக்குக்கூடத் தெரியும். மார்க்கெட்டிங் டைரக்டர் அந்த நேரத்தில் காலேஜ் கேண்டீனில் இருந்தார்.

“ஹரியோடது மார்க்கெட்டிங். அத்த இதுல சேக்காதீங்க” என்று எத்திராஜே முந்திக்கொண்டார். “மிச்ச நாலுல ஒண்ணு. அது எதுன்னு புடிச்சு, புடுங்கி பீரோல வெச்சிட்டா வரியே இல்ல.”

“நாலு போன் ஆனாலும் அந்தச் செலவுல அஞ்சுல ஒரு பங்கு எடுப்பாங்க சார்.”

“நாலுல எப்டிய்யா அஞ்சுல ஒண்ணு எடுப்பான்?”

சவுரிமுத்து இருபது வருடமாக ஆடிட்டர். எந்த இடத்தில் டீயை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எடுத்துக்கொண்டார். இரண்டு வாய் குடித்த பிறகு, “நீங்க பிரைவேட் லிமிடெட் ஆக்காம தனி ஆளா இருந்திருந்தா இந்த வரியே உங்களுக்கு வந்திருக்காது” என்று மட்டும் சொன்னார்.

எத்திராஜ் விரித்த கையை மடக்கிக்கொண்டார். “குன்றத்தூர்ல பங்காளிக்கு வருதா?”

“அவரும் கட்டணும்.”

“அப்ப சரி.”

தனசேகர் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வரிச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றுவிடும். அதோடு அவரும் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், மத்தவங்க போனைப் பத்தி எனக்குத் தெரியாது. என் இடுப்புல இருக்கிறது என் போன் இல்ல, கம்பெனியோட மூச்சு. இதுல ஒரு கால், ஒரே ஒரு கால் சொந்தமா வந்ததுன்னு யாராவது நிரூபிச்சா அந்த நிமிஷமே கழட்டி இந்த மேஜை மேல வெச்சிடறேன்.”

“சபாஷ்!” எத்திராஜ் மேஜையைத் தட்டினார். “அப்டியே செஞ்சிட்லாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு நாலு போனும் இந்த டேபிள் மேல வந்துரணும். பன்னண்டு வரிக்கும் எவன் போன் அடிச்சாலும் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசணும். எது சொந்தம்னு அதுவே வாயத் தொறந்து சொல்லிரும்.”

தனசேகர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. போன் போனால் போகட்டும் என்று விடலாம். நம்பர் போய்விடுமே! சிவப்பு பெயிண்டில் இருப்பது அந்த நம்பர். அது பீரோவுக்குள் போய்விட்டால் போர்டில் மிஞ்சுவது தனசேகர் என்ற பெயர் மட்டும். வெறும் பெயரை வைத்துக்கொண்டு கிருஷ்ணவேணி நகரில் யாரும் செயலாளராக இருந்துவிட முடியாது.

அன்று சாயங்காலம் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். “நாளைக்குப் பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் யாரும் எனக்குக் கால் பண்ணாதீங்க. முக்கியமான மீட்டிங்.” டெல்லி சம்பந்தப்பட்டது என்றும் இரண்டு வீட்டில் சொல்லிவைத்தார். போர்டுக்கு அடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த கங்கையம்மாளிடமும் சொன்னார்.

“கால் பண்ணக் கூடாது, அவ்ளோதான? சரி சார்” என்றாள் அவள். “டெல்லிக்கா போற? சொல்லவேயில்ல. வெறுங்கையோட போவாத, சங்கரா மீன் ரெண்டு எடுத்துக்கினு போ.”

வீட்டில் மனைவி சரளாவிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவள், “நான் என்னைக்குங்க உங்களுக்குக் கால் பண்ணியிருக்கேன்?” என்று கேட்டாள். அது உண்மைதான்.

தடுப்பது மட்டும் போதாது, போன் ஆபீஸ் வேலையாக ஒரு தடவையாவது அடிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு தோன்றியது. சரளாவின் தம்பி மோகன்ராஜ் பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தான். வீட்டு போனில் பேசினால் சரளா காதில் விழும் என்று, அவனைக் கூப்பிட எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். ஆபீஸ் போனில் சொந்த விஷயம் பேசுவது முறையல்லவே.

“பதினொன்னரைக்குப் போன் பண்ணி, ஹாலோ பிளாக் என்ன ரேட்டுன்னு கேளு. நான் சொல்லுவேன். யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்னு வெச்சுடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத.”

“விடுங்க மாமா, அசத்திடறேன்.”

“அசத்தாத. ரேட்டை மட்டும் கேளு.”

மறுநாள் பதினோரு மணிக்கு மேஜைமேல் நான்கு போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எத்திராஜ் ஊதுவத்தி மட்டும்தான் ஏற்றவில்லை. ஆடிட்டரையும் உட்கார வைத்திருந்தார், சாட்சிக்கு.

முதலில் அடித்தது எம்.டி.யின் போன். ஸ்பீக்கரைப் போட்டார்.

“இன்னாங்க, வஞ்சரம் வாங்கட்டுமா, கொடுவா வாங்கட்டுமா?” என்று அவர் மனைவி சரோஜினியின் குரல் அறை முழுவதும் கேட்டது. “போன தடவ மாதிரி வாங்கினு வந்த பொறவு மூஞ்சத் தூக்காத. இப்பவே சொல்லு.”

“வஞ்சரம்” என்று சொல்லிவிட்டு எத்திராஜ் அவசரமாக வைத்தார். “இது கம்பெனி விசயம்தான். ஆடிட்டருக்கு மத்தியானச் சாப்பாடு.”

“நான் தயிர் சாதம் கொண்டாந்திருக்கேன் சார்” என்றார் சவுரிமுத்து.

அடுத்து சத்யப்ரியாவின் போன். சிமெண்ட் ஏஜென்சியிலிருந்து பாக்கி கேட்டுக் கடுமையாகப் பேசினார்கள். கம்பெனியையே திட்டியதால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத ஆபீஸ் கால் என்று முடிவாயிற்று. அரிகிருஷ்ணனின் போனில் டிரைவர் ஒருவன் பெருங்களத்தூரில் டயர் பஞ்சர் என்றான். அதுவும் தேறிவிட்டது.

தனசேகரின் போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

தண்ணி லாரி, என்று தனசேகரின் மனசு சொன்னது. முகம் ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னாய்யா, எடுக்கறதுக்குள்ள பூட்ச்சி?”

“கஸ்டமர் சார். சிக்கனமானவங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு ரிங் அடித்து நின்றது. கங்கையம்மாள் கடை விரித்துவிட்டாள். பிறகு மறுபடி ஒரு ரிங். இன்னொரு வீட்டிலிருந்து அதே லாரிக்கு இன்னொரு ரிங். கால் பண்ணக் கூடாது என்று அவர் சொன்னதைக் கிருஷ்ணவேணி நகர் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஒருவரும் கால் பண்ணவில்லை. மிஸ்டு கால்தான் கொடுத்தார்கள்.

“யோவ், எத்தினி கஸ்டமரு!” எத்திராஜுக்குக் கண் விரிந்தது. “என் போனுக்கே இத்தினி வரலியே!”

அப்போது மூன்று ரிங் அடித்தது.

தனசேகர் எட்டிப் பார்த்தார். திரையில் ‘வீடு’ என்று வந்து மறைந்தது. அவருடைய வீடு. மறுபடியும் மூன்று ரிங். மறுபடியும். மூன்று மூன்றாக, நடுவில் மூச்சுவிடும் நேரம் மட்டும் விட்டு, சரளா அடித்துக்கொண்டே இருந்தாள். சொன்ன சொல் தவறாதவள். ஒரு தடவைகூட நான்காவது ரிங்குக்குப் போகவில்லை.

“யாருய்யா அது, இப்டித் துடிக்கறான்?”

“பெரிய கஸ்டமர் சார்” என்றார் தனசேகர். பக்கத்து மனை காலி. காம்பவுண்டு சுவர் இல்லாத வீடு. பின்பக்கக் கதவை அவள் எப்போதும் திறந்தே வைப்பாள். இதையெல்லாம் மனசுக்குள் பார்த்துக்கொண்டு, முகத்தில் கம்பெனியின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நீ கூப்புடு. ஸ்பீக்கர் போட்டுப் பேசு. ஆர்டர வுட்றாத” என்றார் எத்திராஜ்.

தனசேகர் போனைக் கையில் எடுத்தார். கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்தார். அந்த விநாடியில் போன் முழு ரிங்காக, நிற்காமல் அடித்தது. மோகன்ராஜ்! பத்து நிமிஷம் லேட்டாக வந்தாலும் மச்சான் அவருக்கு முருகனாகத் தெரிந்தான்.

“ஹலோ, எத்திராஜ் ஹாலோ பிளாக்ஸ் பிரைவேட் லிமிடெட்டா? மேனேஜர் தனசேகர் சாருங்களா? உங்க கல்லு தரம்னு ஊரே பேசுது சார்.”

“நன்றி. ஆறு இஞ்ச் கல்லுக்கு ரேட் சொல்றேன், குறிச்சுக்குங்க…” என்று தனசேகர் ஆரம்பித்தார்.

“ரேட்டு கெடக்குது சார்! நம்பிக்கைதான் முக்கியம். நான் ஹாஸ்டல் கட்டப் போறேன். மூணு மாடி. மொதல்ல ஒரு லோடு…”

“யோசிச்சுட்டுக் கூப்பிடுங்க. அவசரமே இல்ல” என்றார் தனசேகர் அழுத்தமாக.

எத்திராஜ் எழுந்தே விட்டார். “அவசரமே இல்லியா? குட்றா இங்க!” போனைப் பிடுங்கினார். “வணக்கம் சார், எம்.டி. பேசறேன். மேனேஜருக்குக் கொஞ்சம் கூச்சம். லோடு ஏத்தி ரெடியா வாசல்ல நிக்குது சார். எந்த எடம்?”

எம்.டி.யே பேசுவார் என்று மோகன்ராஜுக்குச் சொல்லித் தரப்படவில்லை. பொய் விலாசம் சட்டென்று வாயில் வரவில்லை. இருந்த விலாசத்தைச் சொன்னான். பொத்தேரி, ஸ்டேஷனுக்குப் பின்னாடி, மாடியில் மெஸ் போர்டு தெரியும்.

“சார், முதல்ல பார்ட்டி எப்படின்னு விசாரிச்சுட்டு…” என்று தனசேகர் குறுக்கே விழுந்தார்.

“உன் போன்ல வந்த ஆர்டர நீயே சந்தேகப்படுவியா? அரிகிருஷ்ணா, வண்டிய வுடு!”

பன்னிரண்டு அடித்ததும் எத்திராஜ் தீர்ப்பு சொன்னார். மேனேஜர் போன் நூத்துக்கு நூறு ஆபீஸ். சத்யப்ரியா போனும் அரிகிருஷ்ணன் போனும் அப்படியே. மிஞ்சியது வஞ்சரம் அடித்த போன். எத்திராஜ் தொண்டையைச் செருமினார்.

“சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். என்னுதுதான் அந்த ஒண்ணுன்னு எழுதிக்க. அந்த வரிய நானே கட்டிர்றேன். கம்பெனி மேல ஒரு பைசா போடாத.”

எல்லோரும் கை தட்டினார்கள். சவுரிமுத்து மட்டும் பேனாவைத் திறந்துகொண்டு, “செக் எந்த அக்கவுண்ட்லேர்ந்து சார்?” என்று கேட்டார்.

“கம்பெனி அக்கவுண்ட்லேர்ந்துதான்.”

சவுரிமுத்து எழுதிக்கொண்டார். முந்தின நாள் ‘கம்பெனி கட்டற வரி’ என்று அவர் சொன்னதும் அதுதான்.

தனசேகர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வீட்டுக்குப் பறந்தார். சரளா கையில் போனோடு வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்திருந்தாள். கங்கையம்மாள் மீன் கத்தியோடு வாசலில் நின்றிருந்தாள்.

“சாரப் பாம்பு, கொல்லப்பக்கமா பூட்ச்சி. நான்தான் வெரட்டி வுட்டேன்” என்றாள் கங்கையம்மாள். “இன்னா சார் நீ, பொண்டாட்டி பாவம் மூணு மூணா அடிச்சிகினு கீது, அசையவே மாட்டேன்ற?”

“கால் பண்ணாதீங்கன்னு சொன்னேன் இல்ல?”

“யாருங்க கால் பண்ணா?” என்றாள் சரளா, மெஷினிலிருந்து இறங்காமலே. “மூணு ரிங்கோட கட் பண்ணேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மோகன்ராஜ்.

“மாமா, லாரி வந்து நிக்குது. ரோட்டுல இறக்கிக்கிட்டு இருக்காங்க. ஹவுஸ் ஓனர் கத்தறாரு. நான் என்ன செய்ய?”

“ரேட்டை மட்டும் கேளுன்னுதானடா சொன்னேன்!”

“எம்.டி. பேசினாரு மாமா. மரியாதையா பேசினாரு. எப்படி இல்லைன்றது?”

அந்த லோடு இன்னொரு லாரி பிடித்து மறுநாள் கிருஷ்ணவேணி நகருக்கு வந்து சேர்ந்தது. பெரிய கஸ்டமர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டதாகவும், கம்பெனி பெயர் கெடக் கூடாதென்று தானே சரக்கை எடுத்துக்கொண்டதாகவும் தனசேகர் ஆபீஸில் சொன்னார். எத்திராஜ் நெகிழ்ந்துபோய், சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளச் சத்யப்ரியாவிடம் சொன்னார். அவள் தலை நிமிராமல், “பார்ட்டி பேரு என்னன்னு போடட்டும் சார்?” என்று தனசேகரைக் கேட்டாள். அவர் இருமினார்.

இப்போது அவர் வீட்டைச் சுற்றி நல்ல உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் நிற்கிறது. பாம்பு வருவதில்லை. தெருப் பார்த்த பக்கம் சுவரிலும் அதே நம்பரை, போர்டில் இருப்பதைவிடப் பெரிதாக, சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கிறார். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கம்பெனிப் பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு எத்திராஜ் அந்த போனைத்தான் காட்டுகிறார். தனசேகரும் உடனே பெல்ட்டிலிருந்து கழற்றிக் காட்டுகிறார்.

அந்த போனுக்குக் கம்பெனி வேலையாக இதுவரை வந்திருப்பது ஒரே ஒரு கால். அது மோகன்ராஜ் பண்ணியது.